சாது மிரண்டால்…

“பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, இது புற்று அல்ல, சாதுவான கட்டிதான்” என்று வைத்தியர் சொல்லும்போது ஒரு குடும்பம் அடையும் ஆறுதலுக்கு அளவே கிடையாது. பாட்டி வேண்டுதலை நிறைவேற்றக் கோயிலுக்குப் புறப்படுகிறாள். தாயார் இரண்டு நாளாக இறங்காத சோற்றை ஒரு பிடி உண்கிறாள். தகப்பனார் மட்டும், “அப்படியானால் ஆபரேஷன் அவசரமில்லையே?” என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்குக் கிடைக்கும் பதிலில் தமக்கு அனுகூலமான பாதியை மாத்திரம் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அந்த ஆறுதல் நியாயமானதே. ஆயினும், “சாது” என்ற அச்சொல்லின்மேல் நம்மவர்கள் வைக்கும் நம்பிக்கை சில சமயங்களில் சொல்லின் பொருளையும் தாண்டிப் போய்விடுகிறது. நம்மைத் தொந்தரவு செய்யாததை நாமும் தொந்தரவு செய்யாமல் விடுவதே முறை என்று எண்ணிக் கட்டியுடன் ஒருவகைச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டு விடுகிறோம். அந்த உடன்படிக்கையில் நாம் மட்டுமே கையெழுத்திட்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வருவதில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற பழமொழியைப் பிறத்தியார் விஷயத்தில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லுகிற நாம், நம் தாடைக்குள் ஒரு சாது குடியிருக்கும்போது அதை மறந்துவிடுகிறோம்.

தாடை எலும்பில் உண்டாகும் சாதுக் கட்டிகளைச் சிகிச்சையின்றி விட்டுவைத்தால் காலப்போக்கில் அவை என்ன ஆகின்றன, அந்த மாறுதல் அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் எவ்வாறு தெரிகிறது என்பதைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது வைத்தியரின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் படம் எடுக்கப் போவதும், எடுத்ததைப் பத்திரப்படுத்துவதும், சொன்ன தேதியில் மறுபடி போவதும் குடும்பத்தின் வேலை. அந்த அளவுக்கு இது வைத்தியர்களின் விஷயம் மட்டுமன்று. நம் எல்லோருடைய விஷயமும் ஆகும்.

தாடைக்கு மட்டும் ஏன்?

நம் சரீரத்தில் எத்தனையோ எலும்புகள் இருக்கின்றன. அவற்றுள் மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள விசேஷம் மற்ற எவற்றுக்கும் கிடையாது. பற்கள் அவற்றின் உள்ளேயே கருக்கொண்டு வளர்ந்து வெளிவருகின்றன. பாற்பற்கள் 20, நிலைத்த பற்கள் 32, ஆக 52 பற்களைச் செய்து அனுப்பும் பட்டறை அங்கே நடக்கிறது. பட்டறை வேலை முடிந்த பின்பும் எச்சமாகச் சில உயிரணுக்கள் எலும்பினுள்ளும் ஈறினுள்ளும் தங்கிவிடுகின்றன. பல்வேரைச் சுற்றியுள்ள அத்தகைய எச்சங்களை 1885-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான மலாஸே என்பவர் விவரித்தார். இன்றளவும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. பெரும்பாலானவருக்கு இந்த எச்சங்கள் வாழ்நாள் முழுதும் உறங்கியே கிடக்கும். யாரோ சிலருக்கு மட்டும், காரணம் விளங்காமலே, அவை விழித்துக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. தாடைக்கே உரிய கட்டிகளில் பல இவ்விதம் பிறந்தவை. வேறு சில, பல்லோடு தொடர்பின்றி எலும்பு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் முறையில் நேர்ந்த கோளாறினால் வருபவை.

இவற்றைச் சாதுவானவை என்று வைத்திய சாஸ்திரம் சொல்வதற்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. இவை இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பயணம் செய்து அங்கே புதுக் குடித்தனம் போடுவதில்லை என்பதே அப்பொருள். பிறந்த இடத்திலேயே அவை சும்மா இருக்கும் என்று சாஸ்திரம் எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை. ஊரை விட்டுப் போகாதவன் ஊருக்குள் அடுத்தவன் நிலத்தை வளைத்துப் போடமாட்டான் என்பது என்ன நிச்சயம்?

படம் வந்த கதை

எக்ஸ்-ரே வருவதற்கு முன்னால் இத்தகைய கட்டிகள் எப்படி வளர்ந்தன என்பதற்குச் சீன தேசத்தில் ஒரு விசித்திரமான சாட்சியம் உண்டு. பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்கப் பாதிரி வைத்தியர் 1835-ல் காண்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் பெரிய பெரிய கட்டிகளைப் பல ஆண்டுகள் சுமந்த மக்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். லாம் குவா என்ற சீன ஓவியர் அவர்களை வண்ணச் சித்திரங்களாக எழுதினார். அவற்றுள் பல இன்று அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் இருக்கின்றன. பார்ப்பவர் மனத்தை உருக்கும் விஷயம், அந்த முகங்களில் காணும் அமைதிதான். வெளியே தெரிவதை மட்டுமே தூரிகை எழுத முடிந்தது. எலும்பினுள் நடந்ததைக் காண அன்று வழியில்லை.

1895-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானியரான ராண்ட்ஜன் எக்ஸ்-கிரணங்களைக் கண்டுபிடித்தார். செய்தி வெளிவந்த சில நாட்களுக்குள், 1896 ஜனவரியில், வால்காப் என்ற ஜெர்மன் பல் வைத்தியர் தம் பற்களையே அக்கிரணங்களால் படம் பிடித்தார். அதற்காக அவர் 25 நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது! பின்னர் பின்லாந்து தேசத்துப் பாட்டெரோ என்பவர் 1940-களின் பிற்பகுதியிலிருந்து செய்த முயற்சியினால், தலையைச் சுற்றிக் கருவி ஒருமுறை வலம் வந்து இரு தாடைகளையும் ஒரே நீண்ட படமாகத் தரும் முறை வழக்குக்கு வந்தது. பல் ஆஸ்பத்திரிகளில் ஓ. பி. ஜி. என்று சொல்லப்படுவது இதுவே. இங்கிலாந்தில் ஹௌன்ஸ்பீல்டு உருவாக்கிய ஸி. டி. ஸ்கான் 1971-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. எலும்பைப் பழத்துண்டங்களைப்போல் அரிந்து அரிந்து பார்க்கும் வசதி அதனால் கிடைத்தது.

இப்படங்களைப் படிப்பதற்கு அடிப்படையான விதி ஒன்றுதான். சுண்ணச்சத்து மிகுந்த இடம் வெண்மையாகத் தெரியும். குறைந்த இடம் கறுப்பாகத் தெரியும். கட்டி எலும்பைத் தின்றுகொண்டிருந்தால் கறுப்பு. கட்டியே எலும்பையோ பல்லையோ போன்ற பொருளை உண்டாக்கினால் வெண்மை. இரண்டும் நடந்தால் கலப்பு. இந்தக் கறுப்பும் வெளுப்பும் ஆண்டுக்கு ஆண்டு எத்திசையில் நகர்கின்றன என்பதில்தான் கட்டியின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு படம் கட்டியின் முகத்தைக் காட்டும். காலம் விட்டு எடுத்த இரண்டு படங்கள் அதன் நடத்தையைக் காட்டும்.

நிற்காமல் வளர்பவை

நடத்தையில் மிகவும் கெட்ட சாது, அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி. பல்லுக்கு எனாமல் பூச வேண்டிய உயிரணுக்களின் வம்சத்தைச் சேர்ந்தது. 1930-ல் ஐவி, சர்ச்சில் என்ற இருவர் இப்பெயரை வழங்கினார்கள். இக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு கீழ்த் தாடையிலேயே, பெரும்பாலும் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் காணப்படுகின்றன.

முதலில் எடுக்கும் படத்தில் இது பெரும்பாலும் சிறிய, வட்டமான, விளிம்பு தெளிவான ஒரு கறுப்புப் புள்ளியாகவே இருக்கும். முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி இருந்தால் சாதாரண நீர்ப்பை என்றே தோன்றும். விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் அந்த ஒற்றை அறைக்குள் சுவர்கள் எழுந்தாற்போல் பல அறைகள் தெரியத் தொடங்கும். தேன்கூட்டைப்போலவும், சோப்பு நுரையைப்போலவும் என்று பாடப் புத்தகங்கள் வர்ணிப்பது இந்தத் தோற்றத்தைத்தான். பக்கத்துப் பற்கள் இடம் பெயர்கின்றன. அவற்றின் வேர்கள், கத்தியால் சீவினாற்போல் குட்டையாகின்றன. தாடையின் வெளிச்சுவர் இருபுறமும் உப்பிக்கொண்டு மெலிகிறது. கடைசியில் விரலால் அழுத்தினால் முட்டையோடு நொறுங்குவது போன்ற உணர்ச்சி ஏற்படும் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. இன்னும் விட்டால் அந்த ஓடும் உடைந்து, கட்டி மென்மையான தசைக்குள் பாய்கிறது. முறுக்கைக் கடித்த வேகத்தில் தாடை முறிந்து, அதன் பிறகே வைத்தியரிடம் வருகிறவர்களும் உண்டு. மேல் தாடையில் வந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். அங்கே எலும்பு மெல்லியது. மேலே கண் இருக்கிறது. அதற்கும் அப்பால் மூளையின் அடித்தளம் இருக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது வலி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. இந்தக் கதையின் பரிதாபமே இதுதான். பூச்சிப் பல் ஒன்று இரவு முழுவதும் தூங்கவிடாமல் செய்து மறுநாள் காலையிலேயே நம்மை வைத்தியரிடம் துரத்திவிடுகிறது. தாடையையே தின்னும் கட்டியோ ஒரு நாள் தூக்கத்தைக்கூடக் கெடுப்பதில்லை.

வேறொரு வகை இதைவிடவும் தந்திரமானது. பிலிப்ஸென் என்பவர் 1956-ல் பெயரிட்ட கெரடோஸிஸ்ட் என்னும் பை, கன்னத்தை உப்பச் செய்யாமல், மூங்கிலுக்குள் புகுந்த வண்டைப்போல், எலும்பின் உட்புறத்தில் நீளவாக்கிலேயே போகும். முகத்தில் ஒரு மாறுதலும் தெரியாத நிலையில், வேறு ஏதோ பல்லுக்காகப் படம் எடுக்கும்போது, தாடையின் கோடியிலிருந்து முன்பற்கள்வரை நீண்ட கறுப்புப் பாதை ஒன்று தென்பட்டு வைத்தியரைத் திடுக்கிடச் செய்யும். உலக சுகாதார ஸ்தாபனம் 2005-ல் இதைக் கட்டிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. 2017-ல் மறுபடி நீர்ப்பைகளின் ஜாபிதாவுக்கு மாற்றியது. ஜாதி மாறியதேயன்றி அதன் நடத்தை மாறவில்லை. சிகிச்சை செய்த பின்னும் திரும்பி வரும் சுபாவம் அதற்கு உண்டு.

கணக்கின் மாயம்

இத்தகைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தார், “பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே!” என்று சொல்வது வழக்கம். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கட்டி என்பது உருண்டை. படம் என்பது தட்டை. 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, பருமனில் இரு மடங்கானால், அதன் குறுக்களவு 4 சென்டிமீட்டர் ஆவதில்லை, சுமார் 2.5 சென்டிமீட்டர்தான் ஆகிறது. மீண்டும் இரு மடங்கானால் சுமார் 3.2, மூன்றாம் முறையும் இரு மடங்கானால்தான் 4. அதாவது, படத்தில் குறுக்களவு இரு மடங்காகத் தெரியும்போது, உள்ளே கட்டி எட்டு மடங்காகிவிட்டது! படத்தில் அரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று வைத்தியர் முகம் சுளித்தால், அரை சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நாம் கேட்கலாகாது.

வளர்ந்து அடங்குபவை

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியானால் தாடையில் எது தென்பட்டாலும் உடனே அறுத்தெறிய வேண்டியதுதான்” என்று நேயர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஏனெனில், அதற்கு நேர் எதிரான சுபாவமுள்ள சாதுக்களும் அதே தாடையில் இருக்கின்றன. அவற்றின் கதை வேறு.

பல்லின் பொருள்களே ஒழுங்கு தப்பிச் சேர்ந்த ஓடன்டோமா என்ற ஒரு கட்டி உண்டு. பெரும்பாலும் 20 வயதுக்குள், முளைக்க வேண்டிய பல் முளைக்கவில்லையே என்று படம் எடுக்கும்போது அகப்படும். ஆரம்பத்தில் கறுப்பாக இருந்து, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, இறுதியில் குட்டிக் குட்டிப் பற்களின் மூட்டையாகவோ வெள்ளைக் கட்டியாகவோ முதிர்ந்து, சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றுடன் நின்றுவிடும். அது பல்லின் வழியை மறிப்பதனால் வழக்கமாக எடுத்துவிடுவார்கள், எடுத்தால் திரும்புவதில்லை.

இன்னொன்று, நடுவயது ஸ்திரீகளுக்குக் கீழ் முன்பற்களின் வேர் நுனியில் வருவது. சிமெண்டோ-ஆஸியஸ் டிஸ்பிளேஸியா என்று நீண்ட பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சத்தாரிடமும் கிழக்காசிய வம்சத்தாரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. நம் நாட்டிலும் இல்லாமலில்லை. முதல் கட்டத்தில் வேர் நுனியில் ஒரு கறுப்பு வட்டம். சில ஆண்டுகள் கழித்து வட்டத்தின் நடுவே வெண்மை. மேலும் சில ஆண்டுகளில் கறுப்புக் கரையிட்ட வெள்ளைப் பொட்டு. இவ்வளவுதான் அதன் சரித்திரம். பற்கள் உயிரோடு இருக்கின்றன. சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் முதல் கட்டத்துப் படத்தைப் பார்த்தால், சீழ் பிடித்த பல்லின் படமும் அதுவும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்துப் பாராமல் அவசரப்பட்டால், ஒரு குற்றமும் செய்யாத பற்களுக்கு வேர் சிகிச்சை நடக்கும். அல்லது அவை பிடுங்கப்படும். கடைசிக் கட்டத்தில் கைவைத்தாலோ தீங்கு இன்னும் பெரிது. முதிர்ந்த அந்த வெள்ளைப் பகுதியில் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. பல்லைப் பிடுங்கியோ துண்டு வெட்டியோ அதற்கு வாசல் திறந்துவிட்டால், கிருமி புகுந்து, புண் ஆறாமல், எலும்பே சீழ் பிடித்துப்போகும். சும்மா விட்டிருந்தால் சும்மா இருந்திருக்கக்கூடிய ஒன்றை நாமே மிரட்டிவிடுகிறோம்.

எலும்புக்குப் பதில் நாரும் அரைகுறை எலும்பும் நிரம்பும் பைப்ரஸ் டிஸ்பிளேஸியா என்ற கோளாறுக்கு 1938-ல் லிக்டன்ஸ்டைன் என்பவர் பெயர் வைத்தார். பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கி, ஒரு பக்கத்துக் கன்னத்தை மெல்ல மெல்ல உயர்த்தும். படத்தில் இதற்குத் தெளிவான விளிம்பே இராது. பனி படர்ந்த கண்ணாடியைப்போல் மங்கலாகத் தொடங்கி அக்கம்பக்கத்து எலும்போடு கலந்துவிடும். சரீர வளர்ச்சி முடியும் பருவத்தில் இதன் வேகமும் பொதுவாகத் தணிகிறது. படத்தில் வெண்மை கூடுகிறது. பார்வைக்கோ செவிக்கோ இடையூறு இல்லையென்றால், முகத்தைச் சீர்ப்படுத்தும் சிகிச்சையை வளர்ச்சி நின்ற பிறகு வைத்துக்கொள்வதே நல்லது என்று வைத்தியர்கள் காத்திருக்கிறார்கள். இதைக் கிரண சிகிச்சையால் சுட்டெரிக்க முயல்வது கூடவே கூடாது. சாதுவாக இருப்பது புற்றாக மாறும் அபாயம் அதனால் அதிகப்படுகிறது.

எல்லாவற்றிலும் ஆச்சரியமானது, 1933-ல் ஜோன்ஸ் என்பவர் விவரித்த செருபிஸம். குழந்தைப் பருவத்தில் இரு கன்னங்களும் உப்பி, மேலைநாட்டுச் சித்திரங்களில் காணும் தேவ குழந்தைகளின் முகம்போல் ஆகிவிடும். படத்தில் தாடையின் இருபுறமும் பல அறைகளாகக் கறுப்பு நிறைந்திருக்கும். காண்பவர் நெஞ்சு பதறும். ஆயினும் பருவ வயது கடந்ததும் அது பின்வாங்கத் தொடங்கி, கறுத்த அறைகளில் எலும்பு நிரம்பி வருவதை அடுத்தடுத்த படங்கள் காட்டும்.

இரட்டையரில் யார்?

ஒன்று பொறுத்தால் கெடுவது. மற்றொன்று பொறாமல் கெடுவது. இரண்டும் சில சமயங்களில் ஒரே முகத்துடன் நம் முன் நிற்கின்றன. உதாரணமாக, ஆஸிபையிங் பைப்ரோமா என்னும் கட்டியும், மேலே சொன்ன டிஸ்பிளேஸியாக்களைப்போலவே, கறுப்பிலிருந்து கலப்புக்கும் கலப்பிலிருந்து வெண்மைக்கும் மாறும். வேறுபாடு என்னவெனில், வெளுத்த பின்னும் அது வளர்ச்சியை நிறுத்துவதில்லை. பந்துபோல் உருண்டு, தாடையின் கீழ் ஓரத்தை வில்லாக வளைத்துக்கொண்டு பெருகும். ஆகவே அதை எடுத்துவிடவே வேண்டும். கறுப்பு வெளுப்பாவதைக் கண்ட மாத்திரத்தில், “கட்டி உலர்ந்து வருகிறது” என்று மகிழ்வதற்கில்லை. நிறம் மாறுகிறதா என்று மட்டும் பாராமல், எல்லை நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சந்தேகமுள்ள இடத்தில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் சோதிப்பதே முடிவான வழி. எதைத் துண்டெடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று நிர்ணயிப்பதற்கும் படங்களே துணை. வைத்தியர் “ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று சொல்லும்போது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் எண்ணிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர், ஒன்றுமில்லாததனால்தான் ஆறு மாதம் தவணை தந்தார் என்று எண்ணி, போகாமலே இருந்துவிடுகிறார்கள். இருவரும் தவறுகிறார்கள். சும்மா இருப்பது வேறு, கவனித்துக்கொண்டிருப்பது வேறு. தவணை என்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஒப்பிடுவதற்கு உதவும் படங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ஓ. பி. ஜி. படம் உள்ளதை உள்ளபடி காட்டாமல் சற்றுப் பெரிதாக்கியே காட்டும். அந்த அளவும் கருவிக்குக் கருவி மாறும். தலை சிறிது திரும்பியிருந்தாலும் மாறும். ஆதலால், இயன்றவரை ஒரே இடத்தில், ஒரே விதமாக எடுத்த படங்களை ஒப்பிடுவதே மேல். சாதாரண எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றுமில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. எலும்பின் சுண்ணச்சத்து கணிசமாகக் குறைந்த பிறகே அப்படத்தில் கறுப்பு தோன்றும். கட்டியின் முழு உருவத்தை அளக்க வேண்டுமானால் ஸ்கான் தேவைப்படும். கிரணங்களைப் பற்றி அநாவசிய அச்சமும் வேண்டாம். ஓர் ஓ. பி. ஜி. படத்தினால் உடலில் சேரும் அளவு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் இயற்கையாகவே நம்மேல் விழும் அளவுதான். கருவுற்றிருப்பவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

தாமதத்தின் விலை

தாமதத்துக்கு நம் வீடுகளில் பல காரணங்கள் உண்டு. கன்னம் சிறிது தடித்தால் பல் வீக்கம் என்று பற்றுப் போடுகிறோம். ஆடும் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பல் ஏன் ஆடியது என்று கேட்க மறந்துவிடுகிறோம். வீட்டில் கலியாணத்துக்குப் பெண் இருந்தாலோ, “இப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் ஊர் என்ன பேசும்? கலியாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தீர்மானம் செய்கிறோம். முகத்தில் தழும்பு வந்துவிடுமே என்ற பயத்தினால் செய்யும் இந்தத் தாமதம், முகத்தையே பறிகொடுக்க வைக்கிறது என்பதை எந்தப் பெற்றோரும் தெரிந்து செய்வதில்லை. தெரியாமல்தான் செய்கிறார்கள். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

அமெலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே, சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்வரை நல்ல எலும்பையும் சேர்த்தே எடுக்கிறார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது இந்தக் கணக்கில் இழப்பதும் சிறிது. சில சமயம் தாடையின் கீழ் ஓரத்தை அப்படியே காப்பாற்றிவிடலாம். பெரிதான பின்போ பாதித் தாடை போய்விடும். போன தாடைக்குப் பதிலாக, காலில் வெளிப்புறமாக உள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாய்களுடன் எடுத்துத் தாடையில் பொருத்தும் அற்புதமான முறையை 1989-ல் ஹிடால்கோ என்ற அமெரிக்க ரண வைத்தியர் செய்துகாட்டினார். இன்று நம் நாட்டிலும் அது நடைபெறுகிறது. இக்கட்டிகளில் பலவற்றில் பி-ராப் என்ற ஜீனில் மாறுதல் இருப்பதை 2014-ல் கண்டறிந்தார்கள். அதனால் மாத்திரையினாலேயே கட்டியைச் சுருக்கும் முயற்சிகள் பிறந்திருக்கின்றன. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் காலிலிருந்து எலும்பெடுத்துத் தாடை செய்துகொள்வதைவிட, உள்ள தாடையை வைத்துக்கொள்வது மேல் அல்லவா?

இவ்விஷயத்தில் நம் தேசம் கைகட்டி இருந்துவிடவில்லை. இந்தியர்களுக்குப் பல் வைத்தியக் கல்வி இந்தியாவிலேயே கிடைக்க வேண்டும் என்று தம் சொந்த முயற்சியால் 1920-ல் கல்கத்தாவில் கல்லூரி தொடங்கினார் டாக்டர் ரபியுத்தீன் அகமது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948-ல், பல் வைத்தியர் சட்டம் இயற்றப்பட்டது. இன்று பல் வைத்தியக் கல்லூரிகள் 300-க்கு மேல் இருக்கின்றன. கல்லூரியும் கருவியும் எத்தனை இருந்தாலும், நோயாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவற்றால் பயன். சுயராஜ்யத்தில் மிகச் சிறிய ராஜ்யம் நம் சரீரம்; அதன் எல்லையில் நடக்கும் ஆக்கிரமிப்பைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையதே.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. வலியில்லாத வீக்கம், காரணமின்றி ஆடும் அல்லது இடம் பெயரும் பல், வயது கடந்தும் முளைக்காத பல், கட்டிய பல்செட் பொருந்தாமல் போதல் ஆகியவற்றில் எது கண்டாலும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உதடு மரத்துப்போதல், திடீரென்று வீக்கம் விரைதல், புதிதாக வலி தோன்றுதல் ஆகியவை சாதுத்தன்மை மாறுவதற்கு அறிகுறியாக இருக்கலாம்; அப்போது தவணை பாராமல் உடனே போகவேண்டும். கட்டியை எடுத்த பிறகும் ஆண்டுதோறும் படம் எடுப்பதை நிறுத்தலாகாது. பத்து ஆண்டு கழித்துத் திரும்பியவையும் உண்டு.

முதன்முதலில் எடுத்த படத்தை மட்டும் எக்காரணத்தாலும் தொலைத்துவிடக் கூடாது. இப்போதெல்லாம் படங்கள் கைபேசிக்கு வந்துசேர்கின்றன. கைபேசியை மாற்றும்போது படமும் போய்விடுகிறது. வீட்டுப் பத்திரத்துக்கும் ஜாதகத்துக்கும் நாம் காட்டும் மரியாதையை அந்தப் படத்துக்கும் காட்டுவோமாக. அதன் மூலையில் தேதியை எழுதி வைப்போமாக. ஐந்து ஆண்டு கழித்து, “இது வளர்கிறதா, அடங்குகிறதா?” என்று வைத்தியர் கேட்கும்போது, நமக்காகப் பேசக்கூடிய சாட்சி அது ஒன்றுதான்.